கேபிள் கொஞ்சம் தளர்ந்தா விமானமே உடையுமா? வீட்டில் கட்டும் குட்டி விமானங்களில் ‘இழுவிசை’ ஏன் உயிர் காக்கும் விஷயம்?

2009 ஏப்ரல் 14. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி., அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்கு ஓர் அவசரப் பரிந்துரையை அனுப்பியது. ‘சோடியாக் சி.ஹெச். 601 எக்ஸ்.எல்.’ என்ற இரண்டு இருக்கை குட்டி விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்துங்கள் என்பதுதான் அது. காரணம், 2006-க்குப் பிறகு உலகின் வெவ்வேறு இடங்களில் இந்த வகை விமானங்கள் ஆறு, பறந்துகொண்டிருக்கும்போதே உடைந்து விழுந்திருந்தன. 10 பேர் இறந்திருந்தார்கள்.

இந்த விமானத்தை அப்போது தொழிற்சாலையில் தயாரான நிலையிலும் வாங்க முடிந்தது. பெட்டியில் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டியும் பறக்க முடிந்தது. அது ஏன் நடுவானில் உடைந்தது என்று தேடியபோது பேசப்பட்ட பல விஷயங்களில், பலரும் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. இறக்கையை அசைக்கும் மெல்லிய எஃகுக் கேபிள் எவ்வளவு விறைப்பாக இருந்தது என்பதுதான் அது.

நம்ம பைக்கின் கிளட்ச் கேபிள் தளர்ந்தா கியர் மாற்றும்போது கொஞ்சம் சிரமப்படுவோம். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். விமானத்தில் அதே தளர்ச்சி என்ன செய்யும்? எவ்வளவு விறைப்பு சரி? அதை எப்படி அளக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டில் விமானமா?

ஆமாம், வீட்டில்தான். அமெரிக்காவில் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1929-லேயே மின்னசோட்டா மாகாணத்தைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு காரின் எஞ்சினை வைத்து மரத்தால் ஆன ‘ஏர் கேம்ப்பர்’ விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் வரைபடத்தைப் பார்த்து இன்றும் கட்டுகிறார்கள். 1953-ல் தொடங்கப்பட்ட இ.ஏ.ஏ. என்ற ஆர்வலர் அமைப்பு இந்தப் பழக்கத்தைப் பெரிய இயக்கமாகவே மாற்றியது.

அங்கே இதற்கான விதி எளிது. விமானத்தைக் கட்டும் வேலையில் பாதிக்கும் மேல் ஆர்வலரே, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும். ‘51 சதவீத விதி’ என்று இதைச் சொல்வார்கள். கட்டியவரே அதற்கான சான்றிதழ் பெற்று, ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஆய்வையும் தானே செய்யலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கும் இது முற்றிலும் புதிதல்ல. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவின் விமானம் 2017-ல் பதிவு பெற்றது. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் பிரிட்டனில் நான்கு இருக்கை விமானத்தைத் தானே கட்டி, குடும்பத்தோடு பறந்தது 2022-ல் செய்தியானது.

இங்கேதான் ஒரு விஷயம் முக்கியம். பெரிய விமான நிறுவனத்தில் ஒருவர் திருகியதை இன்னொருவர் பார்ப்பார், மூன்றாமவர் கையெழுத்து போடுவார். வீட்டில் கட்டிய விமானத்தில் திருகுபவர், சோதிப்பவர், ஓட்டுபவர் மூவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

ஸ்டிக்கை அசைத்தால் இறக்கை எப்படி அசைகிறது?

விமானத்தைத் திருப்ப மூன்று அசையும் பாகங்கள் உள்ளன. இறக்கையின் பின்விளிம்பில் இருப்பது ஏலரான். விமானத்தை இடதோ வலதோ சாய்க்கும். வாலில் படுத்திருப்பது எலிவேட்டர். மூக்கை மேலே தூக்கும், கீழே இறக்கும். வாலில் நிற்பது ரட்டர். மூக்கை இடவலமாகத் திருப்பும்.

விமானியின் கையிலுள்ள ஸ்டிக்குக்கும் காலடியிலுள்ள பெடலுக்கும் இந்தப் பாகங்களோடு இணைப்பு வேண்டும். பெரிய ஜெட் விமானங்களில் ஹைட்ராலிக்கும் கம்ப்யூட்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. குட்டி விமானங்களில் இரண்டே வழிதான்: ஒன்று, விறைப்பான உலோகக் குழாய்கள், இன்னொன்று, எஃகுக் கேபிள்கள். ரைட் சகோதரர்கள் 1903-ல் இறக்கையையே முறுக்கித் திருப்பியதும் கம்பி வடங்களை இழுத்துத்தான்.

கேபிளுக்கு ஒரு குணம் உண்டு. இழுத்தால் வரும், தள்ளினால் மடங்கும். கிணற்றுக் கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு கேபிள்கள் தேவை. ஒன்று மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்க. இரண்டும் சேர்ந்து கப்பிகள் வழியாக ஒரு முழு வளையமாக ஓடும்.

அந்தக் கேபிள் சாதாரணக் கம்பி அல்ல. குட்டி விமானங்களில் அதிகம் பயன்படும் ‘7×19’ வகையில், 19 மெல்லிய இழைகளை முறுக்கி ஒரு புரி, அப்படி ஏழு புரிகளை முறுக்கி ஒரு கேபிள். மொத்தம் 133 இழைகள். கப்பியில் வளைந்து வளைந்து ஓடினாலும் உடையாமல் இருக்கத்தான் இவ்வளவு இழைகள். 1/8 அங்குலம், அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள துத்தநாகம் பூசிய கேபிள் 2,000 பவுண்டு வரை, அதாவது 900 கிலோவுக்கு மேல் தாங்கும்.

அப்படியானால் கேபிள் அறுந்துபோகுமோ என்பது முதல் கவலை அல்ல. அது எந்த விறைப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சும்மா இருக்கும்போதே ஏன் இழுத்துக் கட்ட வேண்டும்?

விமானி ஸ்டிக்கைத் தொடாதபோதும் இரண்டு கேபிள்களும் குறிப்பிட்ட அளவுக்கு இழுபட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். இதைத்தான் கேபிள் இழுவிசை என்கிறார்கள்.

காரணம் இதுதான். ஸ்டிக்கை ஒரு பக்கம் அசைத்தால் ஒரு கேபிளில் இழுவிசை கூடும், எதிர்க் கேபிளில் குறையும். இரண்டுமே விறைப்பாக இருக்கும்வரை இரண்டும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு கேபிள் மட்டும் தாங்கும்போது எவ்வளவு நீளுமோ, அதில் பாதிதான் அப்போது நீளும். அதாவது முழு அமைப்புமே இரண்டு மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும்.

காற்றின் விசை கூடக்கூட ஒரு கட்டத்தில் எதிர்க் கேபிள் முழுக்கத் தளர்ந்து தொங்கிவிடும். அந்த நொடியிலிருந்து ஒற்றைக் கேபிள் மட்டும்தான் பாகத்தைப் பிடித்திருக்கும். விறைப்பு சட்டென்று பாதியாகிவிடும். ஆரம்ப இழுவிசை போதுமான அளவு இருந்தால், வழக்கமான பறப்பில் இந்தக் கட்டமே வராது.

தளர்ந்தா என்ன ஆகும்?

முதலில் தெரிவது தாமதம். ஸ்டிக்கை அசைத்தாலும் ஏலரான் உடனே அசையாது. கொஞ்ச தூரம் சும்மா போய்விட்டுத்தான் இழுக்கும். தரையிறங்கும் நேரத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது இந்தச் சின்னத் தாமதமே பெரிய தொந்தரவு.

இரண்டாவது, தளர்ந்த கேபிள் கப்பியின் பள்ளத்திலிருந்து நழுவலாம். நழுவிய கேபிள் கப்பிக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கினால் ஸ்டிக் அசையாமல் இறுகிவிடும். இதைத் தடுக்கவே கப்பியை ஒட்டிக் காவல் ஊசிகள் வைக்கப்படுகின்றன. அவை வளைந்திருக்கின்றனவா, விடுபட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது: படபடப்பு. ஆங்கிலத்தில் ‘ஃப்ளட்டர்’ என்பார்கள். சரக்கு லாரியில் தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் வேகம் கூடியதும் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏலரானுக்கும் அதுபோன்ற ஒன்று நேரலாம். இறக்கை கொஞ்சம் மேலே வளையும்போது, கீலுக்குப் பின்னால் எடை அதிகமுள்ள ஏலரான் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் இறக்கையை இன்னும் அதிகமாக வளைக்கும். இறக்கை திரும்பி வரும்போது எதிர்ப்பக்கமும் அதேதான். ஒவ்வொரு சுற்றிலும் காற்று சக்தியைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒருசில நொடிகளுக்குள் இறக்கையே உடைந்துவிடலாம். விமானி வேகத்தைக் குறைப்பதற்குக்கூட நேரம் கிடைக்காமல் போகலாம்.

சோடியாக் விவகாரத்தில் என்ன நடந்தது?

சோடியாக் 601 எக்ஸ்.எல்.லின் ஏலரான்களில் எதிர் எடை இல்லை. எதிர் எடை என்பது ஏலரானின் கீலுக்கு முன்னால் வைக்கும் சிறு எடை. பின்பக்க எடையை அது ஈடுகட்டும். ஏலரான் பின்தங்குவதைத் தடுக்கும். அது இல்லாத இடத்தில் ஏலரானைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பு கேபிளின் விறைப்பின் மேல் விழுகிறது.

கேபிள் இழுவிசை சரியாக இருந்தால் படபடப்பு வராது என்பது வடிவமைப்பாளர் தரப்பின் வாதம். புலனாய்வாளர்களோ வேறு விதமாக யோசித்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கொட்டகையில் கட்டும் விமானத்தில், வெயிலுக்கும் குளிருக்கும் மாறும், நாளாக ஆகத் தளரும் ஒரு விஷயத்தை மட்டும் நம்பி உயிரை ஒப்படைக்க முடியுமா?

2009 நவம்பரில் எஃப்.ஏ.ஏ. இந்த விமானம் குறித்துப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. மாற்றங்களைச் செய்யாத விமானங்களுக்குப் புதிதாகப் பறப்புத் தகுதிச் சான்று தருவதையும் நிறுத்தியது. 2010 ஜனவரியில் வந்த அதன் ஆய்வறிக்கை, ஒரே ஒரு காரணத்தை மட்டும் கைகாட்டவில்லை. இறக்கையின் வலிமை, படபடப்பு, ஸ்டிக்கின் விசை எனப் பல அம்சங்களைச் சேர்த்துப் பேசியது. தீர்வாக வந்த மாற்றங்களில் இறக்கை வலுப்படுத்தப்பட்டது, ஏலரான்களுக்கு எதிர் எடையும் சேர்க்கப்பட்டது.

வீட்டில் விமானம் கட்டுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கேபிள் இழுவிசையை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது ஒன்று. கையேடு எதிர் எடை கேட்டால், ‘கேபிளை நல்லா இறுக்கிட்டேனே, அது எதுக்கு?’ என்று விட்டுவிடக் கூடாது என்பது இன்னொன்று.

அப்போ நல்லா இறுக்கிட்டா போதுமா?

இல்லை. அதிலும் ஆபத்து இருக்கிறது.

கேபிளை இறுக்க இறுக்க அது கப்பியை அழுத்தும். உராய்வு கூடும், ஸ்டிக் கனக்கும். இதில் கை வலிப்பது சின்ன விஷயம். ஸ்டிக்கைக் கொஞ்சம் அசைத்து விட்டால் காற்றின் விசை அதைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். உராய்வு அதிகமானால் அது விட்ட இடத்திலேயே நின்றுவிடும். காற்று சொல்லும் சேதி விமானியின் கைக்கு வராது. கொஞ்சம் தள்ளினால் அசையாது, கூடத் தள்ளினால் அளவுக்கு மேல் போய்விடும். குறிப்பாகத் தரையிறங்கும்போது விமானம் மேலும் கீழும் ஆட இதுவே போதும்.

கூடவே கப்பியின் பேரிங் சீக்கிரம் தேயும். கேபிளின் இழைகள் வளைந்து வளைந்து களைத்து உடையும். கப்பியைத் தாங்கும் மெல்லிய தகட்டுச் சட்டங்கள் வளையும், அவற்றைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் ஆட்டம் காணும். மரத்தால் ஆன விமானத்தில் திருகுகளுக்குக் கீழுள்ள மரம் நசுங்கும். நசுங்கினால் மறுபடி கேபிள் தளரும்!

எவ்வளவு இருந்தால் சரி?

எல்லா விமானத்துக்கும் பொதுவான எண் கிடையாது. வடிவமைப்பாளர் கையேட்டில் என்ன சொல்கிறாரோ அதுதான் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம்: உலகம் முழுக்கப் பயிற்சி விமானமாகப் பயன்படும் செஸ்னா 172-ல் ஏலரான் கேபிளுக்கு 40 பவுண்டு, எலிவேட்டர் கேபிளுக்கு 30 பவுண்டு என்பது கையேட்டுக் கணக்கு. இரண்டிலும் 10 பவுண்டு கூடக் குறைய இருக்கலாம். கிலோவில் சொன்னால் முறையே சுமார் 18, 14 கிலோ.

கேபிள் தாங்கும் திறனான 900 கிலோவோடு ஒப்பிட்டால் இது நூற்றில் இரண்டு பங்குதான். கேபிள் அறுகிற அளவுக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம் தளராத அளவுக்கு இருந்தால் போதும்.

விரலால் தட்டிப் பார்த்து, ‘ம்ம், சரியா இருக்கு’ என்று சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. அனுபவசாலிகளின் விரலும் ஏமாற்றும். நீளமான கேபிள் தளர்வாகவும், குட்டையான கேபிள் விறைப்பாகவும் கைக்குத் தோன்றும். உண்மையில் இரண்டிலும் ஒரே இழுவிசை இருக்கலாம்.

எப்படி அளக்குறாங்க?

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கையால் அழுத்தினால், தளர்வான கொடி நிறைய இறங்கும். விறைப்பான கொடி கொஞ்சம்தான் இறங்கும். டென்ஷியோமீட்டர் என்ற கருவி செய்வதும் இதையேதான். இரண்டு நிலையான புள்ளிகளுக்கு நடுவே கேபிளைச் சிறிதளவு தள்ளி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்க்கும். கருவியின் எண்ணை அட்டவணையில் பார்த்தால் இழுவிசை தெரிந்துவிடும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. கேபிளின் தடிமனுக்கு ஏற்ற துண்டைக் கருவியில் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் எண் முழுக்கத் தப்பாகும். கப்பிக்கோ டர்ன்பக்கிளுக்கோ ஒட்டினாற்போல் அளக்கக் கூடாது, தள்ளி வந்து அளக்க வேண்டும். ஒரு தடவை அளந்து முடிக்காமல் மூன்று, நான்கு தடவை அளந்து சராசரி பார்க்க வேண்டும். கருவியையும் அவ்வப்போது அளவு சரிபார்க்க வேண்டும். பல வருஷம் டப்பாவில் கிடந்த கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது.

கருவி கையில் இல்லாதபோது, குத்துமதிப்பாகச் சரிபார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. இரண்டு கப்பிகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஓடும் கேபிளின் மத்தியில் சிறிய எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எடையை இடைவெளியால் பெருக்கி, இறக்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். உதாரணமாக, ஒரு மீட்டர் இடைவெளியில் 250 கிராம் தொங்கவிட்டால், 14 கிலோ இழுவிசையிலுள்ள கேபிள் சுமார் நாலரை மில்லிமீட்டர் இறங்கும். 9 மில்லிமீட்டர் இறங்கினால் இழுவிசை பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். எடை பெரிதானால் அந்த எடையே கேபிளை இறுக்கிவிடும், கணக்கு பிசகும். கேபிள் ரொம்பத் தளர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இது உதவும். கடைசி அளவுக்குக் கருவிதான் வேண்டும்.

வெயிலுக்கு இறுகும், குளிருக்குத் தளரும்... ஏன்?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். விமானத்தின் உடல் அலுமினியம், கேபிள் எஃகு என்றால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கிலிருந்து வால் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலை 10 டிகிரி. மதியம் வெயிலில் நின்ற விமானத்தின் உடல் 40 டிகிரி. இந்த 30 டிகிரி வித்தியாசத்தில் அலுமினிய உடல் சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளும். எஃகுக் கேபிள் சுமார் 1.8 மில்லிமீட்டர்தான் நீளும். மிச்சம் 1.7 மில்லிமீட்டரைக் கேபிள் இழுபட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். ஆக, வெயிலில் கேபிள் இறுகும், குளிரில் தளரும். உயரப் பறக்கும்போது வெளியே குளிர் கூடும் என்பதால், தரையில் சரியாக இருந்த கேபிள் மேலே தளர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

துருப்பிடிக்காத எஃகுக் கேபிள் சாதாரண எஃகைவிட அதிகம் விரியும் என்பதால் அங்கே இந்த வித்தியாசம் குறையும். எஃகுக் குழாய்ச் சட்டகம் உள்ள விமானத்தில் உடலும் கேபிளும் ஒரே மாதிரி விரியும். பெரிய மாற்றம் இருக்காது. மர விமானத்தில் கதை தலைகீழ். மரம் நீளவாக்கில் எஃகைவிடக் குறைவாகவே விரியும் என்பதால் வெயிலில் கேபிள் தளரும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதனால்தான் நல்ல கையேடுகளில் இழுவிசை எண்ணோடு வெப்பநிலையும் குறிப்பிடப்படும். வெயிலில் நின்ற விமானத்தை நிழலுக்குக் கொண்டுவந்த கையோடு அளக்கக் கூடாது. உடலும் கேபிளும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவிட்டு அளந்து, வெப்பநிலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இழுவிசையைச் சரிசெய்யப் போய் 21 உயிர் போன கதை

இது வீட்டில் கட்டிய விமானம் அல்ல. ஆனால் கேபிளில் கை வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விபத்து.

2003 ஜனவரி 8. அமெரிக்காவின் சார்லட் விமான நிலையத்திலிருந்து ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற சிறிய பயணியர் விமானம் புறப்பட்டது. பீச் 1900டி வகை. தரையை விட்டு எழும்பியதும் மூக்கு மேலே மேலே போனது. விமானிகள் ஸ்டிக்கை முன்னால் தள்ளியும் இறங்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் விமானம் அங்கிருந்த ஹேங்கரில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் பராமரிப்பு நடந்திருந்தது. எலிவேட்டர் கேபிளின் இழுவிசை குறைவாக இருந்ததால் டர்ன்பக்கிள்களைத் திருகிச் சரிசெய்தார்கள். அந்த வகை விமானத்தில் அந்த வேலையை முதன்முறையாகச் செய்த மெக்கானிக், கையேட்டின் சில படிகளைத் தாண்டிவிட்டார். இழுவிசை சரியானது. ஆனால் எலிவேட்டர் கீழ்நோக்கி அசையும் தூரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துபோனது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரேதான் வேலையைச் சோதிக்க வேண்டிய ஆய்வாளராகவும் இருந்தார்.

அதன் பிறகு அந்த விமானம் பல தடவை பறந்தது, ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பயணிகளும் பெட்டிகளும் நிறைந்து, எடை வால் பக்கம் கூடியபோதுதான் அந்த இழந்த பாதி தேவைப்பட்டது. அது இல்லை.

இதிலிருந்து தெரிவது: இழுவிசை எண் சரியாக வந்தால் வேலை முடியவில்லை. ஒரு டர்ன்பக்கிளைத் திருகினால் இழுவிசை மட்டும் மாறாது. பாகத்தின் நடுநிலையும், அது அசையும் தூரமும் சேர்ந்தே மாறும்.

சரியான வரிசை என்ன?

டர்ன்பக்கிள் என்பது இரண்டு முனையிலும் திருகுள்ள ஒரு குழல். ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி. குழலை மட்டும் சுற்றினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உள்ளே வரும், அல்லது வெளியே போகும்.

முதலில் ஸ்டிக்கை நடுநிலையில் அசையாமல் பூட்ட வேண்டும். அசையும் பாகத்தையும் நடுநிலையில் பிடித்து வைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்க டர்ன்பக்கிள்களையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் நடுநிலை இழுத்துக்கொண்டு போகும்.

இழுவிசை வந்ததும் பூட்டை எடுத்துவிட்டு, பாகம் மேலே எத்தனை டிகிரி, கீழே எத்தனை டிகிரி போகிறது என்று கோணமானியால் அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஸ்டிக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அசைத்து, எந்த இடத்திலாவது இறுகுகிறதா, எதிர்க் கேபிள் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும். கேபிளை மாற்றி மாட்டி, எதிர்த்திசையில் அசைந்து நடந்த விபத்துகளும் உண்டு.

எஃப்.ஏ.ஏ.வின் பராமரிப்பு வழிகாட்டியான 43.13-1பி, டர்ன்பக்கிள் குழலுக்கு வெளியே மூன்று மரைகளுக்கு மேல் தெரியக் கூடாது என்கிறது. அதற்கு மேல் தெரிந்தால் பிடி போதாது. கேபிளின் நீளமே தவறு என்று அர்த்தம். கடைசியாக, அதிர்வில் குழல் தானாகச் சுற்றாமல் இருக்கப் பாதுகாப்புக் கம்பியாலோ கிளிப்பாலோ பூட்ட வேண்டும். இதை மறந்தால் செய்த அத்தனை வேலையும் மெல்ல மெல்ல அவிழ்ந்துவிடும்.

புதுக் கேபிளும் நீளும். பழைய கேபிளும் பேசும்

புதிய கேபிளில் இழைகள் ஒன்றோடொன்று படிந்து உட்கார கொஞ்ச காலம் ஆகும். அதுவரை கேபிள் சற்று நீளும். இதனால்தான் பொருத்துவதற்கு முன்பே, அறுபடும் அளவின் 60 சதவீதம் வரை இழுத்துச் சோதிக்கும் வழக்கம் இருக்கிறது. முனையில் செப்பு உறையை நசுக்கிப் போட்ட பிடி வழுக்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அப்படிச் செய்தாலும், முதல் சில மணி நேரப் பறப்புக்குப் பிறகு இழுவிசையை மறுபடி அளப்பது நல்லது.

ஒருமுறை சரிசெய்த கேபிள் அடிக்கடி தளர்கிறது என்றால் திரும்பத் திரும்ப இறுக்குவது தீர்வல்ல. எங்கோ ஏதோ விட்டுக்கொடுக்கிறது: முனைப்பிடி வழுக்கலாம், கப்பிச் சட்டம் வளையலாம், இழைகள் அறுந்துகொண்டிருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அறுந்த இழைகளைத் தேட ஒரு துண்டுத் துணி போதும். கேபிளைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் துடைத்துக்கொண்டே போனால், அறுந்த இழை துணியில் சிக்கும். வெறுங்கையால் தடவினால் விரலில் ஏறிவிடும். கப்பியிலும், கேபிளைத் தாங்கும் வழிகாட்டி வளையங்களிலும் படும் பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. ஸ்டிக் நடுநிலையில் இருக்கும்போது கப்பிக்குள் மறைந்திருக்கும் பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஸ்டிக்கைக் கோடிக்குக் கொண்டுபோய் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று கரைப்பானில் ஊறவைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் மசகு கழுவிப்போய், வெளியே பளபளத்தாலும் உள்ளே துரு ஏறும்.

எல்லா விமானத்துக்கும் இது பொருந்துமா?

இல்லை. வீட்டில் கட்டுவோரிடம் மிகப் பிரபலமான வேன்ஸ் ஆர்.வி. வரிசை விமானங்களில் ஏலரானுக்கும் எலிவேட்டருக்கும் குழாய்கள்தான். ரட்டருக்கு மட்டுமே கேபிள். அந்த ரட்டர் கேபிளும் முழு வளையமாக இழுத்துக் கட்டப்பட்டதல்ல. விமானியின் கால்கள்தான் அதை விறைப்பாக வைத்திருக்கின்றன. அங்கே டென்ஷியோமீட்டர் எண்ணைத் தேடினால் கிடைக்காது. உராய்வு, தேய்மானம், முனைப்பிடி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆக, முதல் கேள்வி ‘எத்தனை பவுண்டு?’ அல்ல; ‘என் விமானத்தில் என்ன அமைப்பு இருக்கிறது?’

சுருக்கமா சொன்னா...

* இழுவிசை எண்ணைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். பக்கத்து ஹேங்கர் நண்பரின் விமானத்திலிருந்து அல்ல.

* கருவியால் அளக்க வேண்டும். வெப்பநிலையையும் சேர்த்து எழுத வேண்டும்.

* இரண்டு பக்கமும் சமமாகத் திருக வேண்டும்.

* திருகிய பிறகு நடுநிலை, அசையும் தூரம், திசை மூன்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

* டர்ன்பக்கிளைப் பூட்டியதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

* அடிக்கடி தளர்ந்தால் இறுக்காமல் காரணத்தைத் தேட வேண்டும்.

* வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதில் கடைசி வரிதான் வீட்டில் கட்டுபவருக்குக் கொஞ்சம் கஷ்டம். சார்லட்டில் கற்றுக்கொடுத்தவரும் சோதித்தவரும் ஒரே ஆளாக இருந்தார். கொட்டகையில் கட்டுபவருக்கு அந்த நிலை தினமும் உண்டு. விமானம் கட்டத் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, ‘நான் எதையாவது விட்டுட்டேனான்னு பாருங்க’ என்று கேட்க அரை மணி நேரம் போதும். கேபிள் எப்படி இருக்கிறது என்பதைத் தரையில் தெரிந்துகொள்வதற்கான கடைசி வாய்ப்பும் அதுதான்.